ஒன்பது இஞ்ச் சுவர்

வாங்க சார், உக்காருங்க. அந்தச் சேர் வேணாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. வாட்ச்மேன் சொன்னான், அடுத்த தெரு அபார்ட்மெண்ட்லருந்து ஒருத்தர் வந்திருக்காரு, தீ இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த ஜெசிந்தா மேடத்தைப் பத்தி விசாரிக்கணுமாம்னு. விசாரிங்க. நல்லா விசாரிங்க. கூப்பிட்டப்புறம் வருத்தப்பட்டுப் புண்ணியமில்லை. என்னைப் பாத்தாவது தெரிஞ்சுக்குங்க.

என்ன ஆச்சா? சொல்றேன். அவசரமில்லையே? கோமதி, சாருக்கு ஒரு காபி போடு. சக்கரை போடலாம்ல சார்?

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். அந்தம்மா வேலை சுத்தம். அதுல நான் குறை சொல்ல மாட்டேன். நான் எடையளவு இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். கடைக்காரன் தராசைத் தூக்கி, தட்டுக்கு அடியில புளி ஒட்டியிருக்கானான்னு தடவிப் பாத்தே என் சர்வீஸ் முடிஞ்சுச்சு. வேலை தெரிஞ்ச ஆள் யாருன்னு எனக்குத் தெரியும். என் வருத்தம் வேற. அதைச் சொன்னா உள்ள என் வீட்டுக்காரி கோமதி சிரிக்கிறா. நீங்க சிரிக்க மாட்டீங்க. உங்களைப் பாத்தா பொறுப்பான ஆளாத் தெரியுது.

போன கோடையில ரெண்டாவது மாடியில ஒரு வீட்ல ஏ.சி. ஒயர் உருகி ஸ்க்ரீன் பத்திக்கிச்சு. வீட்ல ஆள் இல்லை. பக்கத்துல இருந்தவங்க கதவை உடைச்சு அணைச்சுட்டாங்க, பெருசா சேதம் ஒண்ணும் இல்லை. ஆனா புகை எங்க போச்சு தெரியுமா? எரியறது ரெண்டாவது மாடி. இங்க நாலாவது மாடியில கடைசி வீட்டு டீச்சர் பாத்ரூம்லருந்து கண்ணைக் கசக்கிக்கிட்டு ஓடி வர்றாங்க. மேலருந்து கீழ வரைக்கும் பைப்பும் ஒயரும் இறங்குற சந்து இருக்கு பாருங்க, டக்ட்டுன்னு சொல்வோமே, அது வழியா ஏறி வந்திருக்கு.

அன்னிக்குச் சாயங்காலமே மீட்டிங் போட்டேன். அசோசியேஷனுக்கு நான்தான் செக்ரட்டரி. ஒரு வீட்ல பிடிச்ச தீ அடுத்த வீட்டுக்குப் போகக் கூடாதுன்னுதான் நடுவுல சுவர் வச்சிருக்கான், மாடிக்கு மாடி தளம் போட்டிருக்கான், அதுல யார் யார் எங்கெங்க ஓட்டை போட்டிருக்கீங்கன்னு பாக்க ஆள் கூட்டிட்டு வரப்போறேன்னு சொன்னேன். கீழ்வீட்டு மனுஷன் எந்திரிச்சு, "எதுக்கு சார், நம்ம வீட்டுக் குத்தத்தை நாமளே ஆள் வச்சுக் கண்டுபிடிக்கணுமா?"ங்கிறார். எனக்கு வந்துச்சே கோவம். "ஏன், உங்க வீட்ல குத்தம் இருக்கா?"ன்னு கேட்டேன். உக்காந்துட்டார். அதே முகத்தை நான் எத்தனை மளிகைக் கடையில பாத்திருக்கேன்.

உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு. எனக்கு ஒரு வீட்டு மேலதான் சந்தேகம். இதோ, பக்கத்து வீடு. இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம். என் தம்பி வைத்தி வீடு.

ஆமா சார், சொந்தத் தம்பி. வைத்தியலிங்கம். கூடப் பிறந்தவன். பேச்சுவார்த்தை கிடையாது. அதை அப்புறம் சொல்றேன். அவன் சமையக்கட்டுல சிம்னி வச்சப்ப டக்ட் சுவத்தை உடைச்சான். உடைச்ச சத்தம் எனக்கு நல்லாக் கேட்டுச்சு. மூடினானா இல்லையான்னுதான் தெரியலை. செக்ரட்டரின்னு இருந்தா சொந்தம் பந்தம் பாக்க முடியுமா? நீங்களே சொல்லுங்க.

மேடம் வந்தாங்க. சின்ன உருவம். கையில ஒரு டார்ச், கம்பி முனையில கட்டின கண்ணாடி, ஒரு ஊதுபத்திக் கட்டு. ஊதுபத்தி எதுக்கும்மான்னு கேட்டேன். "டார்ச்சுக்குத் தெரியாத சந்து புகைக்குத் தெரிஞ்சிடும் சார்"னாங்க. ஊதுபத்தியைக் கொளுத்தி சுவரோரமா மெதுவா நகத்திட்டே போவாங்க. சந்து இருந்தா காத்து இழுக்கும், புகை அந்தப் பக்கம் சாயும். எனக்கு அங்கேயே பிடிச்சுப் போச்சு.

வீடு வீடாப் போனோம். முதல் மாடியில டக்ட் கதவைத் திறந்தா உள்ள விளக்குமாறு, பெயிண்ட் டப்பா, கொலுப்பொம்மை வச்ச அட்டைப்பெட்டி. "இது ஸ்டோர் ரூம் இல்லையா அங்கிள்?"னு கேக்குது அந்த வீட்டுப் பொண்ணு. மூணாவது மாடியில ஒருத்தன் பைப் போன ஓட்டையில பழைய பனியனைச் சுருட்டித் திணிச்சிருக்கான். "எலி வருது சார்"ங்கிறான். தீக்கு அது திரி சார், திரி. எடுத்துக் காட்டினா சிரிக்கிறான். எனக்கு ஒரே குஷி. திரும்ப வேலைக்குப் போன மாதிரி இருந்துச்சு. "விடாதீங்க மேடம், எழுதுங்க"ன்னு பின்னாடியே போனேன்.

நாலாவது மாடி வந்ததும், "முதல்ல பி வீடு"ன்னு வைத்தி கதவைக் காமிச்சேன். நான் உள்ள போகலை. வெளிய நின்னேன். எட்டியெல்லாம் பாக்கலை, கதவு திறந்திருந்துச்சு, தானா கண்ணுல பட்டது. சோபா மாத்தியிருக்கான். ஆள் இளைச்சிருந்தான்.

அந்தம்மா வெளிய வந்து என்ன சொன்னாங்க தெரியுமா? "சிம்னி ஓட்டையைச் சுத்தி அருமையா பூசியிருக்காங்க சார். இந்தக் கட்டடத்துலயே ஒழுங்காச் செஞ்சது இவங்க ஒருத்தர்தான்." எனக்கு முகம் தொங்கிப் போச்சு. "இன்னொரு தடவை பாருங்களேன் மேடம்"னேன். "பாத்துட்டேன் சார். ஆனா அவங்க ஹால்ல டிவி இருக்கிற சுவர்ல ஒரு சந்தேகம். அதை உங்க வீட்டுப் பக்கத்துலருந்து பாக்கணும்"னாங்க.

"எங்க வீட்லயா?"ன்னு கேட்டுக்கிட்டே கதவைத் திறந்துவிட்டேன்.

இதே ஹால்தான் சார். அப்ப இங்க பூஜை அலமாரி இருந்துச்சு. அந்தம்மா செருப்பை வாசல்ல விட்டுட்டு வந்து, ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, அலமாரிக்கு முன்னாடி நின்னு மேலருந்து கீழ காட்டினாங்க. கோமதி அவங்க சாமி கும்பிடறாங்கன்னு நினைச்சு, ஓடி வந்து கன்னத்துல போட்டுக்கிட்டா. மேடம் கழுத்துல சிலுவைச் சங்கிலி. "பாருங்க, எல்லா சாமியும் ஒண்ணுதான்னு நினைக்கிறவங்க"ன்னு எங்கிட்டக் காதுல சொல்றா. நான் புகையைப் பாத்துட்டிருக்கேன். புகை நேராப் போகலை. முருகன் படத்துக்கும் லட்சுமி படத்துக்கும் நடுவுல வளைஞ்சு உள்ள போகுது.

"இதுக்குப் பின்னாடி என்ன சார்?"

"சுவர்தான்"னேன்.

விரலை மடக்கித் தட்டினாங்க. டொக் டொக்னு பெட்டியைத் தட்டின மாதிரி சத்தம். அந்த நேரம் பாத்து அந்தப் பக்கத்துலருந்து வரக் வரக்னு பிராண்டற சத்தம். அப்புறம் ஒரு குரைப்பு. மேடம் என்னைப் பாத்தாங்க. "சுவர் குரைக்குது சார்"னாங்க.

அது பூரி. தம்பி வீட்டு நாய். சரி, இனிமே அந்தக் கதையைச் சொல்லாம முடியாது.

இந்தக் கட்டடம் எழும்பறப்பவே நானும் வைத்தியும் பக்கத்துப் பக்கத்து வீட்டைச் சேந்து வாங்கினோம். வாங்கினதும் முதல் வேலையா நடுச்சுவத்துல ஒரு ஆள் போற அளவுக்கு வழி உடைச்சோம். கதவு கூடக் கிடையாது. எதுக்குக் கதவு? அவன் வீட்டுக்கு நான் காலிங்பெல் அடிச்சிட்டா போவேன்? காபி இந்தப் பக்கம் கலந்தா டம்ளர் அந்தப் பக்கம் போகும். அவன் பொண்ணு மேகலா புஸ்தகத்தைத் தூக்கிட்டு இங்க வந்துடுவா, "பெரியப்பா, கணக்கு"ன்னு. அவங்க வீட்டு மிக்ஸி ரிப்பேர்னா இங்க சட்னி அரைபடும். எத்தனையோ வருஷம் இது ஒரே வீடுதான் சார். வாசல் மட்டும்தான் ரெண்டு.

அந்த மேகலாதான் நாயைக் கொண்டு வந்தா. நல்லா மாவு நிறத்துல உப்பலா இருக்கும், அதனால பூரின்னு பேரு. நான் ஒண்ணும் நாய்க்கு விரோதி இல்லை. அது என் செருப்பு மேல தலை வச்சுத் தூங்கும், நான் ஒண்ணும் சொன்னதில்லை. ஆனா ஒரு பிள்ளையார் சதுர்த்தி அன்னிக்கு, கோமதி விடியறதுக்கு முன்னாடி குளிச்சுப் பிடிச்சு வச்ச கொழுக்கட்டையை, இன்னும் கற்பூரம் கூடக் காட்டலை, அந்த வழியா வந்து மொத்தத்தையும் தின்னுட்டுத் தட்டை நக்கிக்கிட்டு நிக்குது. நான் லேசாக் காலால நகத்தினேன். நகத்தினதுதான் சார். அது போய் ஸ்டூல்ல முட்டிக்கிட்டுக் கத்துச்சு. மேகலா அழறா. வைத்தி ஓடி வந்து, "வாயில்லா ஜீவனைப் போய் உதைக்கிறீங்களே அண்ணே"ங்கிறான். "வாயில்லாத ஜீவனாடா? வாய் இருக்கப் போய்த்தானே இத்தனை கொழுக்கட்டை காணோம்?"னேன். அவன் பொண்டாட்டி சுகந்தி முகத்தைத் திருப்பிக்கிட்டா. எனக்கு இன்னும் ஏறிடுச்சு. "நாய்தான் முக்கியம்னா இந்த வழியை மூடிடு"ன்னேன். "மூடிடறோம்"னான்.

ஒரு பேச்சுக்குச் சொன்னா, மூடிடறோம்னு சொல்லுவானா சார்? "என்ன அண்ணே இப்படிப் பேசறீங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் விட்டிருப்பேன். சொல்வான்னு காத்திருந்தேன். அவனும் எதுக்கோ காத்திருந்தான் போல. அந்த வாரமே ஆசாரி வந்து அந்தப் பக்கம் ஒரு பிளைவுட் அடிச்சான். நான் சும்மா இருப்பேனா? இந்தப் பக்கம் ஒண்ணு அடிச்சு, அது மேல அலமாரி மாட்டி சாமியைக் குடியேத்தினேன். அவன் அந்தப் பக்கம் டிவியையும் இன்வெர்ட்டரையும் வச்சான். சண்டை தெரியாத ஒரே ஜீவன் அந்தப் பூரிதான். தினம் காலையில வந்து பலகையைப் பிராண்டும். நான் இந்தப் பக்கத்துலருந்து "போ, போ"ம்பேன். அதுக்கு அது போதும், போயிடும்.

மேடத்துக்கு வருவோம். அலமாரியைக் கழட்டச் சொன்னாங்க. பலகையைப் பாத்தாங்க. விளக்குப் புகையில கருத்திருந்துச்சு. "இந்தப் பக்கம் எரியற விளக்கு, அந்தப் பக்கம் இன்வெர்ட்டர் பேட்டரி, நடுவுல தட்டினா உடையற ரெண்டு பலகை. சார், இந்தக் கட்டடத்துல நான் பாத்ததுல இதுதான் மோசம்"னாங்க. எங்க வச்சு? என் வீட்ல வச்சு. பனியன் திணிச்சவன் வாசல்ல நின்னு கேட்டுட்டிருக்கான். நான்தானே சார் அந்தம்மாவைக் கூட்டிட்டு வந்தேன்? எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அப்புறம் பக்கத்து வீட்டுக்கு இன்னொரு தடவை போயிட்டு வந்து ஒரு கேள்வி கேட்டாங்க. "கோவத்துல மூடறவங்க செங்கல் வச்சுத்தான் மூடுவாங்க சார். நீங்க ரெண்டு பேரும் ஏன் இவ்வளவு மெல்லிசு பலகை வச்சீங்க?"

ஆசாரி கூட அன்னிக்குக் கேட்டான், கனமான பலகையா ரெட்டையா அடிச்சிடலாமா, சத்தமே வராதுன்னு. நான்தான் வேணாம்னுட்டேன். "செங்கல்னா வீடெல்லாம் தூசி, அதான் மேடம்"னேன். அந்தம்மா லேசாச் சிரிச்சாங்க. "பக்கத்து வீட்லயும் இதே பதில்தான் சொன்னாரு"ன்னாங்க. தூசின்னா எல்லாருக்கும்தான் கஷ்டம், இதுல சிரிக்க என்ன இருக்கு?

மெல்லிசுப் பலகைன்னா எல்லாம் கேக்கும் சார். வைத்திக்குச் சின்ன வயசுலருந்து வீசிங். காலையில பால் பாக்கெட் வர்ற நேரத்துக்கு இருமல் ஆரம்பிக்கும். முதல்ல வறட்டு இருமலா வரும். அப்புறம் இன்ஹேலர் உஸ்ஸுன்னு கேக்கும். அப்புறம் தண்ணி குடிச்சு டம்ளரைக் கீழ வைக்கிற சத்தம். அந்த டம்ளர் சத்தம் கேட்டா நான் திரும்பிப் படுத்துக்குவேன். எனக்கு முதுகுவலி, கட்டில் ஒத்துக்காது, அதனால இங்க ஹால்லதான் பாய் போட்டுப் படுக்கிறது. கோமதி அதுக்கும் வேற காரணம் சொல்லுவா. அவ பேச்சை விடுங்க. தொந்தரவு சார், தினம் தூக்கம் கெடும்.

இப்ப என் வருத்தத்துக்கு வர்றேன். கவனிங்க, உங்களுக்கு இதுதான் முக்கியம்.

அந்தம்மா நேரா, "சுவர் கட்டு"ன்னு உத்தரவு போட்டிருக்கணும். இல்லைன்னா "கதவு போடு"ன்னு உத்தரவு போட்டிருக்கணும். அவங்க என்ன செஞ்சாங்க? "ரெண்டுல எது வேணும்னாலும் செய்யலாம் சார். செங்கல் வச்சு முழுசா மூடிடலாம். இல்லைன்னா தீ தாங்கற கதவு இருக்கு, இரும்புக் கதவு, ரெண்டு பக்கத்துலருந்தும் திறக்கலாம், விட்டா தானா மூடிக்கும். ரெண்டு வீட்டுக்காரரும் சம்மதம்னா அதைப் போட்டுக்கலாம். உங்க இஷ்டம்"னாங்க. இஷ்டமாம்! நான் இன்ஸ்பெக்டரா இருந்தப்ப எந்தக் கடைக்காரன் கிட்டயாவது, "புளியை எடுக்கிறியா, ஒட்டிக்கிறியா, உன் இஷ்டம்"னு கேட்டிருக்கேனா? ரூல்னா ரூல் சார். மனுஷனை யோசிக்க விடலாமா?

"பக்கத்து வீட்ல என்ன சொல்றாங்க?"ன்னு கேட்டேன். பாவம், கல்யாணத் தரகர் மாதிரி அந்த வாசலுக்கும் இந்த வாசலுக்கும் நடந்தாங்க. அங்க போய்க் கேட்டா, "அண்ணன் என்ன சொல்றாரு?"ன்னு கேட்டானாம். இங்க வந்து சொன்னாங்க. "முதல்ல அவன் சொல்லட்டும்"னேன். திரும்பப் போனாங்க. திரும்ப வந்தாங்க. "அண்ணன்தான் செக்ரட்டரி, அண்ணன் என்ன சொன்னாலும் எனக்குச் சரி"ன்னானாம்.

பாத்தீங்களா குத்தலை? செக்ரட்டரியாம்! அத்தனை பேர் நிக்கிற இடத்துல என்னைக் கிண்டல் பண்றான். கோமதி உள்ளருந்து, "கதவுன்னு சொல்லுங்களேன்"ங்கிறா. அந்தம்மாவும் பேனாவைப் பிடிச்சுக்கிட்டு என் வாயையே பாக்கறாங்க. நான் கதவுன்னு சொல்லி, அவன் அந்தப் பக்கம், "அண்ணன் இறங்கி வந்துட்டாரு"ன்னு நினைச்சுக்கிட்டா? எனக்கு ஒரு மரியாதை இருக்கா இல்லையா?

"சுவர்"னு சொன்னேன். நீங்களா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பீங்க.

என்ன, சொல்லியிருக்க மாட்டீங்களா? சரி விடுங்க. காபி ஆறுது, குடிங்க.

கொத்தனார் வந்தாரு. ரெண்டு பக்கப் பலகையையும் பேத்துட்டாரு. செங்கல் ஏறுறதுக்கு முன்னாடி அந்த வழி ஒரு பொழுது திறந்து கிடந்துச்சு. பூரி ஒரே பாய்ச்சல்ல இங்க வந்து வீடு பூரா ஓடுது. சமையக்கட்டுக்குப் போய் கோமதி புடவையைப் பிடிச்சு இழுக்குது, இங்க வந்து என் செருப்பை மோந்து பாக்குது. சுகந்தி அந்தப் பக்கத்துலருந்து, "அக்கா, கொத்தனாருக்கு டீ நான் போடறேன்"னா. கோமதி, "நான் வடை தட்டறேன்"னா. பொம்பளைங்க ரெண்டு பேரும் அந்தச் சந்துல நின்னுக்கிட்டு அப்படிப் பேசறாங்க, ஏதோ நேத்து விட்ட பேச்சைத் தொடர்ற மாதிரி. நானும் வைத்தியும் ஆளுக்கொரு பக்கம் நின்னு கொத்தனாருக்கு மேஸ்திரி வேலை பாத்தோம்.

சிமெண்ட் குழைக்கிறப்ப தூசி அந்தப் பக்கம் அடிச்சுச்சு. "ஏம்ப்பா, அந்தப் பக்கம் ஒரு ஈரத்துணி கட்டு"ன்னு கொத்தனாரைச் சத்தம் போட்டேன். சுத்தமா வேலை செய்யணும்ல. சுகந்தி திரும்பிப் பாத்தா. "மாமா சொல்றாங்கல்ல, கட்டுங்க"ன்னா.

சுவர் இடுப்பளவு ஏறிடுச்சு. அப்புறம் நெஞ்சளவு. பூரியை மேல தூக்கித்தான் அந்தப் பக்கம் குடுத்தேன். வைத்தி கையை நீட்டி வாங்கிக்கிட்டான். அப்பத்தான் பேசினான். இத்தனை நாளைக்கப்புறம் அவனாப் பேசின முதல் பேச்சு. "அண்ணே, நான் காலையில இருமறது உங்களுக்குத் தொந்தரவா இருந்திருக்கும். இனிமே நிம்மதியாத் தூங்குங்க."

"ஆமா"ன்னேன்.

வேற என்ன சார் சொல்றது? கேட்டதுக்கு மரியாதையாப் பதில் சொன்னேன். அதுக்கு அவன் என்ன செஞ்சான் தெரியுமா? நாயைத் தூக்கிக்கிட்டு உள்ள போயிட்டான். சாந்து பூசி முடிக்கிற வரைக்கும் வெளிய வரவே இல்லை. அவ்வளவு திமிர். கோமதி அன்னிக்கு எனக்குத் தட்டை டொக்குனு வச்சுட்டு உள்ள போயிட்டா. என்ன தப்பு செஞ்சேன்னு இன்னும் சொல்லலை.

இப்ப பாருங்க. இங்க வாங்க, இந்தச் சுவத்துல காதை வைங்க. பரவாயில்லை, சுண்ணாம்பு ஒட்டாது, வைங்க. கேக்குதா? கேக்காது. ஒன்பது இஞ்ச் செங்கல், ரெண்டு பக்கமும் பூச்சு. நான் தினம் காலையில வச்சுப் பாப்பேன், பூச்சு சரியாக் காஞ்சிருக்கான்னு. ஒரு சத்தம் கிடையாது. நாய் பிராண்டறதும் கேக்கலை. அது இன்னும் வந்து பிராண்டுதா, விட்டுடுச்சான்னே தெரியலை. தீ போகக் கூடாதுன்னாங்க, சரி, ஒத்துக்கிறேன். ஒரு இருமல் கூடவா சார் போகக் கூடாது? எந்த ரூல்ல இருக்கு? அந்தம்மாவுக்கு போன் போட்டுக் கேட்டேன், "மேடம், இவ்வளவு கனமாத்தான் கட்டணுமா?"ன்னு. அதுக்கு, "சார், இப்பக் கூட கதவு போட்டுக்கலாம், ரெண்டு பேரும் சொன்னாப் போதும்"ங்கிறாங்க. மறுபடியும் பாருங்க, எங்க மேலேயே போடறாங்க!

பால்காரன் வர்ற நேரத்துக்கு முழிப்பு மட்டும் தப்பாம வந்துடுது. முழிச்சுக்கிட்டுப் படுத்திருப்பேன். அந்த டம்ளர் சத்தம் கேக்காம திரும்பிப் படுக்க வரலை. பழக்கதோஷம்.

போன வாரம் கீழ ஆம்புலன்ஸ் வந்து நின்னுச்சு. விடிகாலை. நான் சட்டை கூடப் போடாம படியில ஓடினேன். செக்ரட்டரி போய்த்தானே ஆகணும்? முதல் மாடிப் பெரியவருக்கு சுகர் இறங்கிடுச்சாம். அவரை ஏத்தி அனுப்பிட்டு மூச்சு வாங்க மேல வர்றேன், வைத்தி எங்க வாசல்ல நிக்கிறான். அவனும் சட்டையில்லாம, ஒத்தைக் கால்ல மட்டும் செருப்பு. எங்க வீட்டுக் கதவையே பாத்துட்டு நிக்கிறான். கை பெல்லுக்குப் பக்கத்துல இருக்கு. என்னைப் பாத்ததும் கையை எடுத்துட்டான். முகம் வெளுத்திருந்துச்சு. எங்க வீட்ல யாருக்கோ என்னமோன்னு வேடிக்கை பாக்க வந்திருக்கான். நான் உள்ள வந்து கதவைச் சாத்தினேன். அவன் கதவைச் சாத்தற சத்தமும் கேட்டுச்சு. அந்தச் சத்தமாவது வாசல் வழியாக் கேக்குது.

அதுக்கப்புறம் அவனைப் பாக்கலை சார். முன்னல்லாம் பூரியை அவன்தான் கீழ கூட்டிட்டுப் போவான். நேத்தும் முந்தாநேத்தும் சுகந்திதான் போனா. லிஃப்ட்ல அவளைப் பாத்தேன். நல்லா இருக்கீங்களா மாமான்னா. ம்ம்னேன். திருப்பிக் கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு, அதுக்குள்ள லிஃப்ட் கீழ வந்துடுச்சு. பனிக்காலம் வேற. பனின்னா அவனுக்கு ஆகவே ஆகாது.

போறீங்களா? சரி. கூப்பிடலாமான்னுதானே கேட்டீங்க? கூப்பிடுங்க. நல்ல ஆள்தான். ஆனா இஷ்டம் கிஷ்டம்னு கேக்க விடாதீங்க, என்ன செய்யணும்னு அவங்களையே சொல்லச் சொல்லுங்க.

ஒரு நிமிஷம் சார். ஒருத்தர் சொன்னதை மட்டும் வச்சு முடிவு பண்ணக் கூடாது. பக்கத்து வீட்லயும் ஒரு வார்த்தை விசாரிச்சுட்டுப் போங்க. பி வீடு, இதோ இந்தக் கதவுதான். பெல் அடிங்க. சுகந்தி வந்தா, சார் இருக்காரான்னு கேளுங்க. அவனை வெளிய வரச் சொல்லுங்க. மேடத்தைப் பத்தி ரெண்டு கேள்வி கேளுங்க, நீளமாப் பதில் சொல்ற மாதிரிக் கேளுங்க. பேசறப்ப நடுவுல மூச்சு வாங்குதான்னு பாருங்க. நெஞ்சுல விசில் மாதிரி கேக்கும், கிட்டப் போனாத்தான் கேக்கும்.

நான் அனுப்பினேன்னு சொல்லாதீங்க. கேட்டா, நீங்களா வந்தீங்கன்னு சொல்லுங்க. லிஃப்ட் அந்தப் பக்கம்தான், தெரியும். இருந்தாலும் போறப்ப இந்தப் பக்கம் ஒரு எட்டு வந்துட்டுப் போங்க சார். கதவைச் சாத்தலை, திறந்தேதான் வச்சிருப்பேன்.